மகிழின்கீழ்ச் சூளும் ஆரூர்த் தூதும்

வந்தவாசியினின்று திண்டிவனத்திற்குச் செல்லும் பெருவழியில் தெள்ளார் என்றோர் ஊர் உளது. பழைய வழக்கில் அதன் பெயர் தெள்ளாறு. ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பல்லவ வேந்தனாகிய மூன்றாம் நந்திவர்மன் பாண்டியன் சீமாறன் சீவல்லபனை அவ்விடத்துப் பொருது வென்றான். அவ்வெற்றியாற் கல்வெட்டுக்களில் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்னும் பெயர் பெற்றான். அவன்மேற் பாடப்பெற்றதே நந்திக் கலம்பகம். தெள்ளாற்றுப் போரை அந்நூல் பலகாலும் எடுத்தோதும். எனினும் இந்நாளிற் கற்றார் நாவிற் பெரிதும் பயில்வது அந்நூலின் போர்ப் பாட்டன்று; பாணனொருவனை இகழும் பாட்டேயாம்.

தலைவன் பரத்தையர் மனையில் வைகி, தன் மனைக்கு மீள விரும்பிப் பாணனைத் தூது விடுக்கின்றான். பாணன் விடியுமளவும் பாடுகின்றான். அவ்வோசையைக் கேட்ட அன்னையும் பிறரும் தோழியும் பேயென்றும் நரியென்றும் நாயென்றும் தத்தமக்குத் தோன்றியவாறு கூற, தலைவியோ அது பாணன் குரலே என்று தான் மொழிந்ததாக அவன் முகத்தெதிரே சொல்லி வாயின் மறுக்கின்றாள். கற்பார் நகுவர். ஆயினும் அந்நகையினுள்ளே ஒரு பெண்ணின் துயரும் உளது. அவள் சினம் நியாயமுடையதே; அதற்கு விடையிறுப்பார்தாம் ஒருவரும் இலர். தலைவன் வாரான், கூலிக்குப் பாடும் பாணனே வருவான். காதலின் முரணெல்லாம் தெள்ளாறெறிந்த வேந்தன் புகழுக்கு அணியாய் அமைந்து முடியும்.

ஒருவனும் மகளிர் இருவருமாக மூவரிடை நிகழும் இம்முரண், தமிழிலக்கியம் தொடங்கிய நாள்தொட்டுப் பாடப்பெற்று வருவதாகும். அம்முரணைச் சைவத் திருமுறை எடுத்துக்கொண்டபோது அதனை என் செய்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. நம்பியாரூரர், பரவையார், சங்கிலியார் என்னும் மூவர் வரலாறு அடியார்க்குப் பழகிய ஒன்று. பழகியது பற்றியே அதன் அருமை நம் கருத்தினின்றும் நழுவிப்போவதும் உண்டு.

தொல்லோர் நெறி

தொல்காப்பியனார் கற்பியலில் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரை வாயில்களாக வகுத்தார். ஊடல் தீர்க்கும் தொழிற்குப் பன்னிருவர் வேண்டப்பட்டனர் என்பதொன்றே அவ்வூடலின் வலிமையைக் காட்டும். அவ்வியலிலேயே, பொய்யும் வழுவும் உலகிற் றோன்றிய பின்னர்ச் சான்றோர் திருமணச் சடங்கினை வகுத்தனர் என்பதும் ஓதப்படுகின்றது. காதலில் ஆடவர் சொல் பொய்த்தமையாலேயே கரணம் பிறந்தது என்பது அதன் கருத்து.

பொய்ச்சூளுக்கு அந்நாள் தமிழர் தண்டமும் வகுத்திருந்தனர். தன்னை நம்பிய பெண்ணை அறியேன் என்று சூளுற்ற ஒருவனை, கள்ளூர் அவையத்தார் சான்று வினவித் தெளிந்து, மரக்கிளையிற் பிணித்து, அவன் தலையில் நீறு பெய்த செய்தியை அகநானூறு கூறுகின்றது. அகப்பாட்டினுள் ஊடல் இனிய விளையாட்டாகலாம். ஊரவையிலோ சூள் பொய்த்தல் குற்றமேயாகும்.

சிலப்பதிகாரத்தில் இம்முரண் நகரையே எரித்தது. கோவலன் கானல்வரியில் மாதவியின் பாட்டைத் தவறாக உணர்ந்து பிரிந்தான். மாதவி இருமுறை விடுத்த ஓலையுள் முதலாவதைக் கொள்ள மறுத்தான். பின்னையதைப் பெற்றபோது மதுரைவழியில் இருந்தான். கண்ணகியும் மாதவியும் ஒருவரையொருவர் பகைத்தாரல்லர். எனினும் ஒருத்திக்கு வாழ்வு ஒழிந்தது; மற்றொருத்தி துறவு பூண்டாள். வடமொழி நாடகங்களின் போக்கு வேறு. காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தில் மூத்த தேவியாகிய தாரிணியே இறுதியில் மாளவிகையை அரசனுக்கு அளிக்கின்றாள். அரசன் ஒன்றும் இழப்பதில்லை. விட்டுக்கொடுத்தல் முழுவதும் தேவியின்மேலதாகும்.

சிந்தாமணியும் சேக்கிழாரும்

பெரியபுராணம் எழுந்த காரணத்தை உமாபதி சிவாசாரியர் சேக்கிழார் புராணத்துள் உரைத்தருளினார். அநபாயன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருப்பக் கண்ட சேக்கிழார், சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்து அவனைத் திருப்பினார் என்பது அவ்வரலாறு. அநபாயன் என்பான் கி.பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பர்.

சிந்தாமணிக்கு மணநூல் என்பது மற்றொரு பெயர். சீவகன் எண்மரை மணக்கின்றான். ஒவ்வொரு மணமும் அவனுக்கு ஒரு வெற்றியே. அந்நூலுள் மகளிரிடை முரண் இல்லாமலில்லை. குணமாலையும் சுரமஞ்சரியும் தாந்தாம் இடித்த சுண்ணத்தின் சிறப்பைப்பற்றி மாறுகொண்டனர். சீவகன் குணமாலை சுண்ணமே சிறந்ததென்றான். தோற்ற சுரமஞ்சரி ஆடவர் முகம் நோக்கேன் என்று கன்னிமாடத்து அடைந்தாள். பின்னர்ச் சீவகன் முதியவன் வடிவில் அம்மாடம் புகுந்தான். அவளைக் காமன் கோட்டத்திற்கு வரச்செய்தான். ஆண்டுத் தெய்வத்தின் வடிவிற்குப் பின்னே கரந்திருந்த அவன் தோழன் புத்திசேனன், அவள் வேண்டுகோளுக்குத் தெய்வமே விடை கூறியதுபோல விடை கூறினான். அவள் நம்பினாள், மணம் நிகழ்ந்தது. தெய்வம் பேசிற்றில்லை. தெய்வத்தின் பெயரால் ஒரு தோழன் பேசினான், அவ்வஞ்சம் வென்றது.

இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர்க்குச் செல்வோமாக.

காலமும் களமும்

நம்பியாரூரர் பல்லவர் காலத்தவர் என்பதற்கு அவர் திருவாக்கே சான்று. திருத்தொண்டத் தொகையில் காடவர் கோனாகிய கழற்சிங்கரைத் தம் காலத்து உலகு காக்கும் வேந்தராகவே குறித்தருளினார். அக்கழற்சிங்கர் கயிலாசநாதர் கோயில் எடுத்த இராசசிம்மனே என்பர் ஒருசாரார். தெள்ளாறெறிந்த நந்திவர்மனே என்பர் மற்றொருசாரார். இருவருள் எவராயினும் ஆகுக. தெள்ளாற்றிற்குத் தெற்கே திருமுனைப்பாடியில் நம்பிகள் அவதரித்த திருநாவலூரும், வடகிழக்கே கடற்கரையிற் சங்கிலியார் தவமிருந்த ஒற்றியூரும் உள்ளன. காடவர் ஆணை செலுத்திய அந்நிலத்திலேயே இவ்வரலாற்றின் முற்பகுதி நிகழ்ந்தது.

இம்மூவர்க்கு முன்னே நான்காமவர் ஒருவர் உளர். அவரை நாம் மறத்தலாகாது. புத்தூரில் மணப்பந்தரிற் சடங்கவியார் மகளார் காத்திருந்தார். பெருமான் முதிய அந்தணராய் ஆளோலையுடன் எழுந்தருளி அம்மணத்தைத் தடுத்தாட்கொண்டார். நம்பிகளுக்கு அது பேறு. அம்மங்கையார்க்கோ வாழ்வு நின்றுவிட்டது. சேக்கிழார் அவரைக் கைவிட்டாரில்லை. அவர் நாவலூரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினார் என்று பாடியருளினார். பெயரும் அறியப்படாத ஒருவர்க்குப் புராணத்துள் அவ்விடம் அளித்தமை சேக்கிழார் உள்ளத்தை உணர்த்தும்.

மகிழின்கீழ்

பரவையாரை ஆரூரில் மணந்து வாழ்ந்த நம்பிகள் பதிகள்தோறும் வழிபட்டு ஒற்றியூரை அடைந்தார். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார், உலகியல் மணத்தை விரும்பாது, ஒற்றியூரிற் கன்னிமாடத்திருந்து இறைவற்குத் திருமாலை தொடுத்து வந்தார். நம்பிகள் அவரைக் கண்டு காதலித்து, பெருமானிடத்தே விண்ணப்பித்தார். பெருமான் சங்கிலியார் கனவில் எழுந்தருளி உணர்த்த, அவர் அஞ்சி, நம்பிகள் திருவாரூரில் மகிழ்ந்து உறைபவர் என்பதனை எடுத்து விண்ணப்பித்தார். தம் வாழ்வு என்னாகும் என்பது அவர் வினா. அவ்வினாவை இறைவன் புறக்கணித்தானல்லன். 'பிரியேன்' என்று சூளுறச் செய்வோம் என்றருளினான்.

நம்பிகள் அதனை அறிந்து ஒன்று சூழ்ந்தார். பிற பதிகளையும் சென்று வழிபடவேண்டிய தாம் சூளுக்குக் கட்டுண்ணலாகாது எனக் கருதி, தாம் திருமுன் சூளுறும்போது பெருமான் கருவறையை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்று வேண்டினார். பெருமானும் இசைந்தார். இசைந்தவர் சங்கிலியார் கனவில் மீண்டும் தோன்றி, சூளை மகிழின்கீழ்க் கொள்க என்று பணித்தார். மறுநாள் கோயிலிற் சூளுற வந்த நம்பிகளைச் சங்கிலியாரின் தோழியர், 'இறைவன் திருமுன் வேண்டா. மகிழின்கீழே அமையும்' என்று தடுத்தனர். நம்பிகள் திகைத்தார். மறுக்க வழியின்றி மகிழை வலம்வந்து சூளுற்றார்.

சிந்தாமணியோடு இதனை ஒப்புநோக்குக. ஆண்டுத் தெய்வத்தின் இடத்தில் தோழன் கரந்திருந்து பெண்ணை வஞ்சித்தான். ஈண்டுத் தோழராகிய தெய்வத்தையே இடம்பெயர்ந்திருக்கும்படி ஒருவர் வேண்டினார். அத்தெய்வமோ பெண்ணின் பக்கம் நின்று சூளை மெய்யாக்கிற்று. சேக்கிழார் சிந்தாமணியை எதிர்நோக்கியே இதனைப் பாடினார் என்று நாம் துணியவேண்டுவதில்லை. ஆயின் அநபாயன் அவையில் இரண்டனையும் கேட்டார் எவரும் இவ்வேற்றுமையை உணராதிரார். தம்பிரான் தோழர் என்ற பெயர் பெற்றவர்க்கும் பொய்ச்சூளுக்கு இறைவன் துணைபோகான் என்பது இதனாற் பெறப்படும்.

கண்ணிழந்தது

இளவேனிற் பருவம் வந்தது. ஆரூர் வீதிவிடங்கரின் வசந்த விழாவும் பரவையாரும் நம்பிகள் நினைவிற் புகுந்தனர். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இரு கண்ணும் ஒளி இழந்தன. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் பெற்றார். துருத்தியில் உடற்பிணி நீங்கினார். ஆரூரில் வலக்கண் பெற்றார். சிந்தாமணி நாயகனுக்கு எட்டு மணமும் ஒரு குறையும் தந்தில. வன்றொண்டர்க்கோ இரண்டாம் மணம் இரு கண்களையும் கொண்டது.

இது பின்னோர் கட்டிய கதை என்பார்க்கு ஏழாந் திருமுறையே விடை கூறும். சங்கிலி பொருட்டாகவே இறைவன் தம் கண்ணைக் கொண்டான் என்பதனை நம்பிகள் திருமுல்லைவாயிற் பதிகத்துள் தம் வாக்காலேயே பாடியருளினார். பரவையார் பசியால் வருந்துவதைத் திருக்கோளிலிப் பதிகத்துள் பெயர் சுட்டி முறையிட்டார். காதலையும் அதனால் வந்த குற்றத்தையும் கடவுள் முன்னிலையில் மறையாது சொல்லும் இவ்வகைப் பாட்டு, காதலை வேந்தர் புகழுக்கு அணியாக்கும் கலம்பகங்களிற் காண்டற்கு அரிது. கலம்பகத் தலைவன் பாணனைக் கொண்டு பேசுவிப்பான். நம்பிகள் தம் பிழையைத் தாமே பேசினார்.

ஆரூர்த் தூது

ஆரூரிற் பரவையார் வாயில் அடைத்திருந்தது. ஒற்றியூர் மணச்செய்தி முன்னரே அவர் செவிக்கு எட்டியிருந்தது. நம்பிகள் விடுத்தார் எவரையும் அவர் உள்ளே விட்டாரல்லர். நள்ளிரவில் நம்பிகள் பெருமானையே தூது வேண்டினார். பெருமான் ஆரூர்த் தெருவில் நடந்து, கோயிலில் அருச்சிக்கும் ஆதிசைவர் கோலத்தில் அவ்வாயிலை அடைந்தார். தொல்காப்பியனார் வகுத்த பன்னிருவர்க்கும் மேலாகப் பதின்மூன்றாம் வாயில் ஒன்று அன்று தோன்றியது என்னலாம்.

பரவையார் உடன்படவில்லை. ஈண்டு நாம் கருதத்தக்கது யாதெனின், பெருமான் அவரை வெகுளவும் இல்லை, ஆணையிடவும் இல்லை என்பதாம். மறுமொழியைக் கேட்டு மீண்டார். நம்பிகளிடம் அதனை உரைத்தார். நம்பிகள் ஆற்றாராக, மீளவும் நடந்தார். இரண்டாம் முறை தேவரும் கணங்களும் சூழத் தம் கோலத்துடனே எழுந்தருளினார். பரவையார் நடுங்கி எதிர்கொண்டு, அடியார் பொருட்டு இரவெல்லாம் இங்ஙனம் உழன்ற பெருமானுக்கு இசையாது என்செய்வேன் என்னும் கருத்தால் இசைந்தார். நந்திக் கலம்பகத் தலைவியின் சினத்திற்குப் பாணனே விடையாயினான். பரவையார் சினத்திற்கு ஆரூர்ப் பெருமானின் இரு நடை விடையாயிற்று.

இவ்வாரூரிலேயே கழற்சிங்கர் தேவியும் வந்தார். பூமண்டபத்தருகே கிடந்த மலரை எடுத்து மோந்தமைக்காகச் செருத்துணையார் அவர் மூக்கை அரிந்தார். கழற்சிங்கர், மலரை முதலில் எடுத்தது கையன்றோ என்று அக்கையைத் தடிந்தார். அதனை இக்காலத்துக் கற்பார் மனங் கலங்குதல் இயல்பே. அடியார் செயலின் கடுமையை அங்கே கண்டோர், அதே ஊரில் ஒரு பெண்ணின் ஊடற்கு இரங்கி இருமுறை தெரு நடந்த இறைவன் எளிமையையும் உடன்வைத்துக் காண்பாராக. சிவபத்தியின் வன்மையையும் மென்மையையும் சேக்கிழார் ஒருங்கே பாடினார். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டினாரல்லர்.

குற்றஞ்சாட்டினார்க்கு அளித்த இடம்

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாவது ஒன்றுண்டு. சங்கிலியார் மணமும், கண்ணிழந்ததும், தூதும் பெரியபுராணத்தில் எங்கே பாடப்பெற்றன? நம்பிகளின் வரலாறு தொடங்கும் தடுத்தாட்கொண்ட புராணத்துள் அன்று. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள்ளேயாம். நானூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களாற் பெருகிய அப்புராணத்தில் கலிக்காமர் பங்கு சிறிது. நம்பிகள் பங்கே பெரிது. சேக்கிழார் இங்ஙனம் வைத்தது ஏன்?

கலிக்காமரே அத்தூதை வெகுண்டவர். பெண்பொருட்டு இறைவனைத் தெருவில் நடத்துவான் ஒருவனும் தொண்டனோ என்று அவர் கொதித்தார். இறைவன் அவர்க்குச் சூலைநோய் தந்து, அது வன்றொண்டன் தீர்த்தாலன்றித் தீராது என்றருளினார். அவனாற் றீர்தலினும் இறத்தலே நன்றென்று கலிக்காமர் வாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து கண்ட நம்பிகள், யானும் இவர்போல் ஆவேன் என்று அவ்வாளையே பற்றினார். இறைவன் அருளாற் கலிக்காமர் உயிர்த்தெழுந்து அவர் கையைப் பிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கினர், நட்புப் பிறந்தது.

நம்பிகள்மேற் சாட்டத்தக்க குற்றத்தையெல்லாம் சாட்டிய ஒருவர் அறுபத்துமூவருள் ஒருவராய் நிற்கின்றார். அவர் பெயர் தாங்கிய புராணத்துள்ளேதான் அக்குற்றத்தின் கதை முழுதும் வைக்கப்பெற்றது. அதனினும் வியப்பு, புராண முறைப்படி நோக்கின், நம்பிகள் திருத்தொண்டத் தொகையைப் பாடியது சங்கிலியார் மணத்திற்கு முன்னரே என்பதாம். தம்மை வெகுளப்போகின்றவர்க்கு முன்னரே தம்மை அடியேன் என்று கூறியிருந்தார். பிற இலக்கியங்களில் இம்முரணைக் கண்டு வெகுள்வார் கதைக்குப் புறம்பாவர். ஈண்டு வெகுண்டவரே கதைக்கு உடையவராயினார். சைவம் தன் ஆசாரியரைப்பற்றிய கண்டனத்தை அழித்துவிடாது, அதனைத் திருக்கோயிலினுள்ளே நிறுவிப் பூசித்தது.

பின்னோர் போற்றியது

இவ்வரலாறு ஏட்டளவில் நின்றதன்று. சேக்கிழார்க்குச் சிறிது பிற்பட்ட இரண்டாம் இராசாதிராசன் தன் ஆட்சியின் 9-ஆம் ஆண்டிற் பங்குனி உத்திர விழாவின்போது திருவொற்றியூரில் மகிழின்கீழ் ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டிருந்தான் என்பதனை அக்கோயிற் கல்வெட்டொன்று உணர்த்தும். சூளுற்ற அம்மரத்தடியையே அரசன் கேள்விக்கு இடமாகக் கொண்டமை நோக்குக. இன்றும் ஒற்றியூர் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழ்கின்றது. அடியார் கூட்டம் ஆண்டுதோறும் கண்டு வணங்குவது ஒரு பெண் தன் வாழ்வின் பொருட்டுக் கேட்ட சூளுறவையே என்பதனை நாம் நினைத்தல் நன்று.

சித்தாந்தம் நம்பிகளின் நெறியைச் சகமார்க்கம் என்னும். தோழமை நெறி என்பது பொருள். தோழமையென்பது விரும்பியதெல்லாம் பெறும் சலுகையென்று எண்ணுவார் உளர். ஒற்றியூர் நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மறுக்கும். தோழன் கேட்டதற்கு இறைவன் இசைந்தான், இசைந்தவாறே நீதியையும் நிலைநிறுத்தினான், தண்டமும் தந்தான், தண்டம் தந்தவனே ஊன்றுகோலும் தந்தான், பின்னர்த் தூதும் நடந்தான். வினையை நுகர்வித்துக் கழிப்பிக்கும் அருட்செயல் இதனினும் தெளிவாக வேறெங்கும் காட்டப்பெற்றதில்லை.

ஒன்று எஞ்சி நிற்கின்றது. பரவையார் ஊடல் தீர்ந்தது. சங்கிலியார் பிரிவு தீர்ந்தது எங்கே? ஒற்றியூர் எல்லையை நம்பிகள் கடந்தபின், சங்கிலியாரைச் சேக்கிழார் நமக்கு மீளக் காட்டுவது வெள்ளானைச் சருக்கத்திலேயே. ஆண்டுப் பரவையார் கமலினியாரும் சங்கிலியார் அநிந்திதையாருமாய் அம்மையின் திருப்பணியில் முன்போல் அமர்கின்றனர். நிலவுலகில் ஒருவரையொருவர் காணாத அவ்விருவரும் ஒரே திருமுன்றிலில் மலர் கொய்து நிற்கின்றனர். சூளுரைத்தார் பிரிந்தார், சூளுக்குச் சான்றாய் மகிழின்கீழ் எழுந்தருளிய பெருமானோ ஒற்றியூரை விட்டு அகன்றானல்லன். சங்கிலியார் தொடுத்த மாலை அவன் திருமேனிக்கு உரியதாகவே இருந்தது.